உன் ரேடியோ நாடகத்தில் மவுத்தாகிப் போன உம்மா எழுதுவது

அன்பு மகனுக்கு,

சம்பந்தி வீட்டார் வந்துவிட்டுப் போனதைப் பற்றி உனக்கு நான் போனில் சொன்னது பாதிதான். "நல்லா சாப்பிட்டாங்க, நல்லா பேசினாங்க, சந்தோஷமாப் போனாங்க" என்று சொன்னேன். மூன்றும் உண்மைதான். நடுவில் நடந்ததை மட்டும் விட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் அதை உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ இடையில் புகுந்து சமாதானம் சொல்வாய். அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டுப் பேசு.

அவர்கள் வருவதற்கு முன்னால் நீ எங்களுக்கு எத்தனை எச்சரிக்கை கொடுத்தாய் என்று உனக்கு நினைவிருக்கும். "உம்மா, வாப்பாகிட்ட சொல்லிவைங்க. அந்தப் பழைய இங்கிலீஷ் காமெடி ஜோக்கையெல்லாம் அவங்க முன்னாடி எடுக்க வேணாம். இப்ப யாரும் அதுக்குச் சிரிக்கிறதில்ல. தப்பா எடுத்துக்குவாங்க." நீ சொன்னதை நான் உன் வாப்பாவிடம் சொன்னேன். "அப்ப என்னதான் பேசுறது?" என்று கேட்டார்கள். "சாப்பாட்டைப் பத்திப் பேசுங்க" என்றேன். பாவம், உன் வாப்பா இங்கிலீஷில் பேசத் தெரிந்துவைத்திருந்த நல்ல விஷயமே அந்த ஜோக்குகள்தான்.

உனக்கு அந்த வீடியோ கேசட்டுகள் நினைவிருக்கும். உன் வாப்பா இந்த வளைகுடாவில், அல் கூஸில் குடோன் ஸ்டோர்கீப்பராக இருந்தபோது அவர்களுடைய இங்கிலீஷ்கார மேனேஜர் ஊருக்குப் போகும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலே ஒரு தொடர், லண்டனில் ஒரு லாட்ஜில் குடியிருக்கிறவர்களைப் பற்றியது. வீட்டுக்காரி எந்நேரமும் புருஷனைத் திட்டிக்கொண்டே இருப்பாள். நம் நாட்டிலிருந்து வந்த ஒரு ஆள் அங்கே குடியிருப்பான். தலையை ஆட்டி ஆட்டி எல்லா வார்த்தையையும் தப்பாகச் சொல்வான். அவன் வாயைத் திறந்தாலே டிவிக்குள் இருக்கும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களோடு சேர்ந்து நாங்களும் சிரிப்போம். நீ எட்டாவதோ ஒன்பதாவதோ படித்த சமயம் ஒருநாள் நடுவில் எழுந்து டிவியை அணைத்துவிட்டாய். "அவங்க நம்மளைப் பார்த்துதான் சிரிக்கிறாங்க, உங்களுக்குப் புரியலயா?" என்றாய். உன் வாப்பா உன்னை நிதானமாகப் பார்த்து, "நம்மளையா? அவன் வடக்கத்திக்காரன்ல" என்றார்கள். நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நாங்கள் மறுபடியும் டிவியைப் போட்டு மிச்சத்தைப் பார்த்து முடித்தோம்.

அப்புறம் நீயே ஒருநாள் ஒரு சிடி கொண்டுவந்தாய். "இதுதான் இப்ப காமெடி, பாருங்க" என்றாய். கார் வாடகைக்கு விடும் ஒரு ஆபீஸ், அதிலே ஒரு மேனேஜர். அவன் ஏதோ சொல்கிறான், எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. டிவிக்குள்ளிருந்தும் சிரிப்புச் சத்தம் வரவில்லை. சவுண்டில் கோளாறு என்று நினைத்து நான் எழுந்து டிவி தலையில் ரெண்டு தட்டு தட்டினேன். நீ தரையில் புரண்டு சிரித்தாய், டிவியைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. உன் வாப்பா மட்டும் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "இந்த ஆளை வேலைய விட்டுத் தூக்கிருவாங்க போலிருக்கே. பிள்ளைகுட்டி இருக்கா இவனுக்கு?" என்று கேட்டார்கள். வேலை போனால் விசா போகும், விசா போனால் வீடு போகும் என்றிருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்துச் சிரிக்க எங்களால் முடியவில்லை. உன்னால் முடிந்தது. நாங்கள் கவலைப்பட்டதால் உனக்கு அந்தக் கவலை இல்லாமல் போனது என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன். அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதனால் இன்ஜினியரிங் படிக்க அனுப்பிய பிள்ளை லண்டன் ரேடியோவுக்குக் காமெடி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது நான் அவ்வளவாக அதிர்ச்சி அடையவில்லை. உன் வாப்பாதான் அடைந்தார்கள். முவைலாவில் நம் குழாய்க் கடையில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், "ரேடியோ கம்பெனியில இருக்கான்" என்று மட்டும் சொல்வார்கள். கேட்கிறவர்கள் நீ ரேடியோ பழுதுபார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அதைத் திருத்த மாட்டார்கள். பழுதுபார்ப்பது கௌரவமான வேலை.

சரி, சம்பந்திகள் கதைக்கு வருகிறேன். வரப்போகும் மருமகள் ஹன்னாவின் அப்பா கீத்தும் அம்மா ஜீனும் நல்ல வெயிலில் வந்து சேர்ந்தார்கள். நான் பிரியாணி, மீன் பொரியல், ஊரிலிருந்து வரவழைத்த தொதல் அல்வா என்று மேசையை நிரப்பிவைத்திருந்தேன். சாப்பிட்டார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம். அரிசியைப் பற்றிப் பேசினோம். மீனைப் பற்றிப் பேசினோம். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. உன் வாப்பா வாயைத் திறந்தால் லாட்ஜ் கதை வந்துவிடுமோ என்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பக்கத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். கீத் ஏதோ சொல்ல வருவார், ஜீன் அவர் காலை மிதிப்பார், அவர் தண்ணீரைக் குடிப்பார். இவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது. கல்யாணம் நடக்குமா என்றுகூட நினைத்துவிட்டேன்.

அசர் தொழுகை நேரம் வந்தது. உன் வாப்பா எழுந்து, "மை பிரெண்ட், பைவ் மினிட்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். போகும்போது என்ன செய்தார்கள் என்று உனக்குச் சொல்லவா வேண்டும். கையை நீட்டி ஹாலில் லைட்டையும் ஏசியையும் அணைத்துவிட்டுப் போனார்கள். திரை போட்டிருந்த ஹாலில் சம்பந்திகள் இரண்டு பேரும் இருட்டில், வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சமையலறையிலிருந்து ஓடிவந்து சுவிட்சைப் போட்டேன். பார்த்தால் ஜீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருக்கிறார். கீத்தின் முகம் தக்காளி மாதிரி இருந்தது. மாரடைப்போ என்று பயந்துபோனேன். அப்புறம்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அடக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. ஜீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீத்திடம், "நிஜமாகவே அணைக்கிறார், பார்த்தாயா, நிஜமாகவே அணைக்கிறார்" என்றார்.

"நிஜமாகவே என்றால்?" என்று கேட்டேன்.

இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஜீன் கீத்தைப் பார்த்தார். கீத் தொதலைப் பார்த்தார். ஜீன்தான் சொன்னார், "உங்கள் மகன் எங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இதைப் பற்றி உங்களிடம் பேசக் கூடாது என்று." அதற்குமேல் நான் விடுவேனா. பள்ளிக்கூட ஆபீஸில் இத்தனை வருஷம் பிள்ளைகளிடமிருந்து உண்மையை வரவழைத்தவள் நான். உன் வாப்பா தொழுதுவிட்டு வருவதற்குள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன். நீ எழுதுகிற ரேடியோ தொடர் வளைகுடாவில் குழாய்க் கடை வைத்திருக்கும் காதர் என்ற மனிதரைப் பற்றியது. அவருக்கு லண்டனில் ஒரு மகன். அவர் ஆள் இருக்கும்போதே லைட்டையும் ஏசியையும் அணைத்துவிட்டுப் போவார். கடைக்கு வருகிறவர்களிடம், இந்தக் குழாய் நல்லாயில்லை, வாங்க வேண்டாம் என்று சொல்வார்; உடனே அவர்கள் அதைத்தான் வாங்குவேன் என்பார்கள். வாரத்தில் ஒருநாள் கீத்தும் ஜீனும் பாத்திரம் கழுவிக்கொண்டே அதைக் கேட்கிறார்கள்.

உன் வாப்பா வந்ததும் நான் அப்படியே சொன்னேன். "உங்களை வச்சு ரேடியோவுல காமெடி பண்ணியிருக்கான்." அவர்கள் தொப்பியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார்கள். கீத் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார், என்னவோ அவரே எழுதியதுபோல. உன் வாப்பா அவரைக் கையமர்த்திவிட்டு, "போடச் சொல்லு புள்ள. கேப்போம்" என்றார்கள்.

ஜீன் தன் போனை மேசை நடுவில் வைத்து முதல் எபிசோட்டைப் போட்டார். மகனே, நீ அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டுக் கேட்ட கேள்வியை இப்போது உன் வாப்பா கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே டீ போட எழுந்து போனேன். ஹாலில் ரேடியோ ஜனங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. உன் வாப்பாவின் சத்தம் எதுவும் கேட்கவில்லை. டீத்தட்டோடு நான் திரும்பி வரும்போது காதர் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: என் மனைவி இறந்துவிட்டாள், அவள் இருந்திருந்தால் இந்தக் குழாயை உங்களுக்கு விற்க விட்டிருக்க மாட்டாள்.

நான் தட்டோடு நின்றுவிட்டேன். ஜீன் பாய்ந்து போனை நிறுத்தினார்.

"என்ன சொன்னான்?" என்றார்கள் உன் வாப்பா.

"நான் மவுத்தாயிட்டேனாம்."

"எப்போ?"

"கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே."

உன் வாப்பா என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்கள். பிறகு தட்டிலிருந்து டீயை எடுத்துக்கொண்டு, "சரி, மேல போடச் சொல்லு" என்றார்கள். என்னோடு இத்தனை காலம் குடும்பம் நடத்திய மனிதர்.

எபிசோட் முழுவதும் கேட்டார்கள். முடிந்ததும் கீத் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். உன் வாப்பா யோசித்து யோசித்து ஒரே ஒரு குறை சொன்னார்கள். "இவன் மலையாளி மாதிரில்ல பேசுறான். கொல்லத்துக்காரன். நம்ம கீழக்கரைக்காரன் இப்படிப் பேசுவானா?" நான் மொழிபெயர்த்தேன். அந்த நடிகர் லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று ஜீன் சொன்னார். "அதான்" என்றார்கள் உன் வாப்பா, எல்லாம் விளங்கிவிட்டது போல.

அதற்குப் பிறகு பேச்சு தடையில்லாமல் ஓடியது. கீத்தே அந்த லாட்ஜ் தொடரைப் பற்றி எடுத்தார். சின்ன வயதில் வாராவாரம் பார்த்ததாகவும், தெருவே ஒன்றாகச் சிரித்ததாகவும், இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது என்றும் சொன்னார். "உங்கள் ஊர்க்காரரைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கக் கூடாது" என்றார். உன் வாப்பா அவர் தோளில் தட்டி, "நோ பிராப்ளம் மை பிரெண்ட். வீ ஆல்சோ லாபிங்" என்றார்கள். தொடரில் வருகிறவர் வடக்கத்திக்காரர் என்ற விளக்கத்தையும் என்னைச் சொல்லச் சொன்னார்கள். நான் சொன்னேன். கீத்துக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. மகள் பார்த்துவிடுவாளோ என்று தேடுகிறவர்போலச் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

நான் விடாமல் என் விஷயத்துக்கு வந்தேன். "என்னை எதற்காகக் கொன்றான்?" என்று அவர்களிடமே கேட்டேன். கீத் விளக்கிச் சொன்னார். அவர்கள் காலத்துக் காமெடியில் பெண்டாட்டி என்றால் கத்த வேண்டும், பாத்திரத்தை வீசவேண்டும். இப்போது பெண்களை அப்படிக் காட்டினால் யாருக்கும் பிடிப்பதில்லை. காமெடி என்றாலும் உள்ளே ஒரு துக்கம் இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அதனால் எழுதுகிறவர்களுக்கு இந்த வழி சுலபம். எனக்கு விளங்கியது. அந்தக் காலத்தில் கத்தவிட்டார்கள், இந்தக் காலத்தில் புதைத்துவிடுகிறார்கள். கத்துகிற வேலையே மேல் என்று நான் சொன்னேன். அதற்கு ஜீன் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. போன பாதியும், புறப்படும் சமயம் அவர் வாய் தவறி உன் தொடரில் வரும் கோழிக்கோட்டுக்காரியைப் பற்றிச் சொன்னபோது வட்டியோடு திரும்பி வந்துவிட்டது.

அவளைப் பற்றி உன்னிடம் தனியாகப் பேச வேண்டும். காதரின் பக்கத்து பிளாட் விதவை, அடிக்கடி மீன் குழம்பு கொண்டுவருகிறவள். யாரைக் கேட்டு அவளைக் கொண்டுவந்தாய்?

சம்பந்திகள் ஊருக்குப் போன பிறகு உன் வாப்பா தன் போனில் அந்த ரேடியோ ஆப்பைப் போட்டுத்தரச் சொன்னார்கள். கடையில் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். இன்னொரு காது வியாபாரத்துக்கு. பகலில் சாப்பிட வரும்போது என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். "ஆக்வர்டுனா என்ன புள்ள?" என்றார்கள் ஒருநாள். "சம்பந்திங்க வந்தப்ப முதல்ல உக்காந்திருந்தோமே, அதான்" என்றேன். உடனே புரிந்துகொண்டார்கள். நாளாக ஆக அது காமெடி என்பதே அவர்களுக்கு மறந்துபோனது. "காதருக்கு வயசாயிடுச்சே, இனி விசா அடிச்சுக் குடுப்பாங்களா?" என்று கவலைப்பட்டார்கள். ரேடியோவில் அவர் வாடகை கட்டச் சிரமப்பட்ட எபிசோட் அன்று சோறு சரியாக இறங்கவில்லை. இன்னொரு நாள், "அந்தக் கோழிக்கோட்டுப் பொம்பள நல்ல மாதிரியாத்தான் தெரியுது" என்றார்கள். அந்த வாரம் முழுக்க நம் வீட்டில் மீன் கிடையாது.

ஆனால் ஒன்று. கடையில் யாராவது இப்போது உன்னைப் பற்றிக் கேட்டால் போனை எடுத்துக் காட்டுகிறார்கள். "என் மகன் எழுதினது. என்னப் பத்தித்தான்" என்று சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, "ஆனா அந்தக் குரல் சரியில்ல பாய், நீங்க கேக்க வேணாம்" என்றும் சொல்கிறார்கள். உடனே கடைக்கு வந்தவர்கள் கேட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். நீ எழுதியிருக்கிறபடியே நடக்கிறது.

நீ குடும்பஸ்தனாகப் போகிறாய், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நடப்பதை எழுது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேறு கதைக்கு நீ எங்கே போவாய். ஆனால் ஹன்னாவைப் பற்றி எழுதினால் முதலில் அவளிடம் படித்துக் காட்டு. அவள் சிரிக்காத இடத்தில் ஊர் சிரித்தால் வீட்டுக்குள் நீ இருக்க முடியாது. அவள் ஒரு விஷயத்துக்குச் சிரிக்கிறாள், உனக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் அவள் ரசனையைத் திருத்தப் போகாதே. எங்களைத் திருத்திப் பார்த்தாயே, என்ன ஆனது? நானும் உன் வாப்பாவும் ஒரே இடத்தில் சிரித்ததே குறைவு. உன் வாப்பா யாராவது விழுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், நான் பேச்சைக் கேட்டுச் சிரிப்பேன். ஆனாலும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தோம். அப்புறம், எவ்வளவு பெரிய கதையாக இருந்தாலும் சரி, பெண்டாட்டியைக் கொல்லாதே. கதைக்கு ஆள் குறைந்தால் மாமனாரைக் கேள். கீத் நடிக்கத் தயாராக இருக்கிறார்.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் வாப்பா உனக்குப் போன் செய்தார்களே, அதைப் பற்றி. வழக்கமாக வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்துதானே பேசுவார்கள், இன்றைக்கு ஏன் என்று நீ திகைத்திருப்பாய். நடந்தது இதுதான். அன்று சாப்பாட்டு மேசையில் போனை வைத்து என்னையும் கூட உட்காரவைத்து ஒரு எபிசோட் கேட்டார்கள். காதர் மகனுக்குப் போன் செய்கிறார். அங்கே குளிரா என்று கேட்கிறார். குளிர்தான், அங்கே சூடா என்று மகன் கேட்கிறான். சூடுதான். சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். சரி, வைக்கிறேன். ரேடியோ ஜனங்கள் சிரித்தார்கள். கதையில் அடுத்த வாரமும் காதர் போன் செய்கிறார், அதே குளிர், அதே சூடு. இந்தமுறை கொஞ்சம் பேர்தான் சிரித்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவரும் சிரிக்கவில்லை. மகன் போனை வைத்த பிறகு, காதர் வைத்துவிட்ட போனைப் பார்த்துத் தனியாகச் சொல்கிறார்: கடை போரடிக்கிறது, நீ எப்போது வருவாய்?

உன் வாப்பா அந்த இடத்தைத் திரும்பவும் போட்டுக் கேட்டார்கள். சோற்றில் கை அப்படியே இருந்தது.

"நான் இப்படியா புள்ள பேசுறேன் அவன்கிட்ட?"

"இப்படித்தான் பேசுறீங்க."

"அவனும் இப்படித்தானே பேசுறான்?"

"அவனும் அப்படித்தான்."

கையைக் கழுவிவிட்டு வந்து உனக்குப் போன் போட்டார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன். "அங்க குளிரா?" என்று ஆரம்பித்தார்கள். நீ, "குளிர்தான் வாப்பா. அங்க சூடா?" என்றாய். அதைக் கேட்டதும் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு தோள்துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நீ "வாப்பா, வாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். ஒரு வழியாக மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்கள்.

"சூடுதான். கடை போரடிக்குது. நீ எப்ப வருவே?"

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து உன் வாப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். கட்டாகவில்லை. மறுபடியும் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் நீ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்கே கேட்டது. உன் வாப்பா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்கள், "நிசமாவே குளிருதான் போல."